லேசான வீக்கம்தான் என்று சொன்னேன்

1

ஜெர்மனியில் என் பெயருக்கு முன்னால் போடும் 'டாக்டர்' என்ற சொல்லுக்கு ஒரு வால் உண்டு. நான் அறிவியலில் பட்டம் வாங்கியவள், வைத்தியம் பார்ப்பவள் இல்லை என்பதை அந்த வால் சொல்லிவிடும். போன வாரம் குடியிருப்பு அட்டை விஷயமாக நகராட்சி அலுவலகம் போனபோதுகூட, கவுண்டரில் இருந்த பெண்மணி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "மருத்துவமா, மற்றதா?" என்று கேட்டார். "மற்றது" என்றேன். ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

தாம்பரத்தில் இந்த வால் கிடையாது. சேலையூரில் எங்கள் தெருமுனையில் நின்று "டாக்டர் எஸ்தர் வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள். வழி காட்டுகிற மளிகைக் கடைக்காரரே கூட வருவார், முட்டிவலிக்கு எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டை நான் ஒருமுறை பார்க்க வேண்டுமென்று. நான் செய்வது மூளைப் புற்றுநோய் ஆராய்ச்சி. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துக் கட்டடத்தில் எங்கள் ஆய்வகம். அறுவை சிகிச்சையில் எடுக்கிற கட்டியின் துணுக்கு சின்னக் குழாயில் வரும். அதன்மேல் எண் இருக்கும், பெயர் இருக்காது. அந்தச் செல்களைத் தட்டில் வளர்த்து, அவை நல்ல செல்களுக்கு நடுவே எப்படி ஊர்ந்து பரவுகின்றன என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஒரு நோயாளியின் நாடியைக்கூட நான் பிடித்ததில்லை.

ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தேன். "அம்மா, நான் அந்த டாக்டர் இல்லை" என்பேன். "பெரிய ஆஸ்பத்திரியிலதானே வேலை?" என்று அம்மா கேட்பார். அதற்கு இல்லை என்று சொல்ல முடியாது. சர்ச்சில் ஜெபக் குறிப்பு வாசிக்கும்போது "வெளிநாட்டில் டாக்டராகப் பணியாற்றும் நம் சகோதரி" என்று நீட்டி முழக்குவார்கள். பிறகு நானும் விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், கேட்கச் சுகமாகத்தான் இருந்தது.

அதற்கு விலை கொடுத்தது போன வருடம் இதே வாரத்தில்தான். ஒரு வருடம் ஆகிவிட்டது. ஊரில் மழை தொடங்கியிருக்கும். இங்கே ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, ஜன்னலை மூடிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

2

என் தம்பி டேனியலும் இதே தட்டுப் பிழைப்புதான். பொத்தேரி பக்கத்தில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக் கொடுக்கிறான். வாரத்தில் மூன்று நாள் விடியற்காலையில், தெற்குப் புறநகரில் ஏரியை ஒட்டின ஒரு குப்பைமேட்டுக்குப் போய்விடுவான். அங்கே காற்றில் என்னென்ன கிருமி மிதக்கிறது என்று பார்ப்பது அவன் ஆராய்ச்சி. காற்றை உறிஞ்ச ஒரு பெட்டி வேண்டும். வாங்க வசதியில்லாமல் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு பழைய பம்பை வாங்கி, அவனே மாட்டிச் செய்துகொண்டான். உறிஞ்சிய காற்று உள்ளே இருக்கும் தட்டில் மோதும். இரண்டு நாளில் அதில் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை பூக்கும், வழவழவென்று பாக்டீரியா திரளும்.

இதில்தான் எங்களுக்குள் ஓயாத கேலி. என் ஆய்வகத்தில் ஒரு தட்டில் பூஞ்சை தெரிந்தால் எல்லோருக்கும் முகம் செத்துவிடும். காற்றிலிருந்து விழுந்த அழுக்கு என்று அப்படியே தூக்கி எறிவோம். அவனுக்கோ அதுதான் அறுவடை. "நீ கொட்டுற குப்பையத்தான்க்கா நான் எண்ணிக்கிட்டு இருக்கேன்" என்பான்.

அம்மாவுக்கு அந்தக் குப்பைமேடு அறவே பிடிக்காது. சர்ச்சில் யாராவது கேட்டால் "காலேஜ் புரொபசர்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அவன் தும்மினால்கூட "போ, இன்னும் போய் அந்த நாத்தத்தை மோந்துகிட்டு வா" என்று ஆரம்பித்துவிடுவார். அதனால் உடம்புக்கு எது வந்தாலும் வீட்டில் சொல்வதில்லை என்று அவன் பழகிவிட்டான். இது எனக்குத் தெரியும். வீட்டில் சொல்லாதவன் என்னிடம் மட்டும் சொல்லிவிடுவான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

3

திங்கட்கிழமை மத்தியானம், நான் மைக்ராஸ்கோப்பில் இருந்தபோது தம்பி மனைவி ஷீபா கூப்பிட்டாள். அவள் பள்ளிக்கூட ஆசிரியை. பதறிப் பேசுகிறவள் இல்லை. அன்று பதறினாள்.

"அண்ணி, இவர் கிளாஸ்ல மயங்கி விழுந்துட்டார். ஃபிட்ஸ் வந்துச்சாம். ஸ்கேன் எடுத்துட்டாங்க. மூளையில கட்டின்னு சொல்றாங்க அண்ணி. படம் அனுப்பியிருக்கேன், கொஞ்சம் பாருங்க."

ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு ஆஸ்பத்திரி. ஸ்கேன் ஃபிலிமை வார்டு டியூப்லைட்டில் தூக்கிப் பிடித்துப் போனில் எடுத்திருந்தாள். இடது பக்கம் ஒரு வளையம். ஓரம் வெள்ளை, நடுவில் கறுப்பு, சுற்றிலும் வீக்கம். இந்த வளையத்தை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எங்கள் குழாய்களுக்குத் துணுக்கு எடுக்கிற தலைகளில் இப்படித்தான் இருக்கும். நடுவில் செல்கள் செத்த இடம் கறுப்பாகத் தெரியும். இந்த நோய் வந்தவர்கள் எத்தனை மாதம் இருப்பார்கள் என்ற கணக்கு எனக்கு மனப்பாடம்.

தமிழில் 'கட்டி' என்ற ஒரே சொல் எத்தனை வேலை செய்கிறது பாருங்கள். வேனல் கட்டியும் கட்டி, சீழ்க்கட்டியும் கட்டி, புற்றும் கட்டிதான். டாக்டர் எந்தக் கட்டியைச் சொன்னார் என்று நான் ஷீபாவைக் கேட்கவே இல்லை. கேட்கத் தோன்றவில்லை. கிருமி பக்கமே என் புத்தி போகவில்லை, அதைத் தூக்கி எறிந்துதானே பழக்கம்.

"எங்க லேப்ல பாக்குற மாதிரிதான் இருக்கு ஷீபா" என்றேன்.

"ஆபரேஷன் பண்ணிப் பாக்கணும்கிறாங்க. கையெழுத்துக் கேக்குறாங்க. போடட்டா?"

மண்டையைத் திறந்து அவனைப் போட்டுப் படுத்தி, கடைசியில் எதுவும் மிஞ்சப்போவதில்லை என்று எனக்குள் ஒரு குரல் அடித்துச் சொன்னது. "அவசரப்படாதே. நான் இங்க கேட்டுச் சொல்றேன்" என்றேன். பிறகு, இன்றுவரை என்னைத் தூங்கவிடாத அந்த இன்னொரு வாக்கியத்தையும் சொன்னேன்.

"டேனிக்கு எதுவும் தெரிய வேண்டாம்."

"சரி அண்ணி. நீங்க டாக்டர், நீங்க சொன்னா சரி."

அன்று மட்டும் அந்தச் சொல் ஊசி மாதிரி குத்தியது. ஆனாலும் வாயைத் திறந்து, நான் டாக்டர் இல்லை என்று சொல்லவில்லை.

4

உடனே கிளம்பிப் போயிருப்பேன். பாஸ்போர்ட் கையில் இல்லை. புதுப்பிக்க வேண்டுமென்று அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் தூதரகத்துக்குத் தபாலில் அனுப்பியிருந்தேன். போன் செய்தால் எண்ணை அழுத்து, மொழியைத் தேர்ந்தெடு, காத்திரு என்று பாட்டுப் போட்டார்கள். கடைசியில் ஒரு அம்மா வந்து, அவசரம் என்றால் ஆஸ்பத்திரிக் கடிதம் வேண்டும், அதில் நோயின் பெயர் இருக்க வேண்டும் என்றார். நோயின் பெயர் எழுதின கடிதம் கேட்டால் அது டேனி கைக்குப் போய்விடுமே என்ற பயத்தில் அதையும் கேட்காமல் விட்டேன். இப்போது நினைத்தால் என்னையே அறையலாம் போலிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை அவனோடு பேசினேன். குரல் கனத்திருந்தது.

"அக்கா, தாகமா இருக்கு. ஷீபாகிட்ட அதைக் கேட்டேன்... அது... தண்ணி ஊத்திக் குடிக்கிறது."

"டம்ளரா?"

"ஆங், டம்ளர். பேரு வர மாட்டேங்குது. ஸ்கேன்ல என்னக்கா இருக்கு? இவங்க யாரும் வாயத் தொறக்க மாட்டேங்கிறாங்க. நீ பாத்தல்ல?"

"லேசான வீக்கம்தான்டா. மாத்திரையில சரியாயிடும்."

"வீக்கமா? எதனால?"

விஞ்ஞானி கேட்கிற கேள்வி. "அதெல்லாம் அப்புறம் பேசலாம்" என்றேன்.

"அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கொஞ்ச நாளாவே எனக்கு..."

"இப்ப எதுவும் பேசாத. பேசினா வலி ஜாஸ்தியாகும். தூங்கு."

"ம்" என்றான். சின்ன வயதிலிருந்தே நான் அதட்டினால் அடங்கிவிடுவான்.

மாலையில் என் மகள் ரூத் பள்ளியிலிருந்து வந்தாள். பதினாறு வயது. தமிழ் புரியும், பேசினால் நாக்குத் தடுக்கும். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மாமாவுக்கு மூளை இல்லையாம்மா?" என்றாள். மூளை சரியில்லையா என்று கேட்க நினைத்திருக்கிறாள். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். விஷயத்தைச் சொன்னேன். அவனுக்குத் தெரியாது என்பதையும் சொன்னேன்.

உடனே ஜெர்மனுக்குத் தாவிவிட்டாள். கோபம் வந்தால் அவளுக்கு அந்த மொழிதான். "மாமாவிடம் சொல்லவில்லையா? தலை அவருடையதுதானே?"

"உனக்கு நம்ம ஊர் தெரியாது. தெரிஞ்சா அவன் உடைஞ்சு போயிடுவான். நம்ம பக்கம் நோயாளிகிட்ட இதெல்லாம் சொல்ல மாட்டாங்க."

"உங்களுடைய அந்த நம்ம ஊரில் நான் நோயாளியாகப் படுக்கவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இந்தப் பெண் கைவிட்டுப் போகிறாளே என்றுதான் அப்போது எனக்கு வருத்தம் வந்தது. அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறதா என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

5

புதன்கிழமை காலை ஆய்வகத்தில் கை எதிலும் ஓடவில்லை. தெரியாத இந்திய எண்ணிலிருந்து வாட்ஸ்அப் அழைப்பு வந்தது.

"டாக்டரம்மாவா? நான் செல்வி பேசறேம்மா. குப்பமேட்ல சாரோட பொட்டியப் பாத்துக்கிறவ. சார் நம்பருக்குப் போட்டா அவங்க வூட்டம்மா எடுத்தாங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது, எங்க அண்ணி டாக்டரு, அவங்களாண்ட கேளுன்னு உங்க நம்பர அனுப்பிச்சாங்க. சாருக்கு இப்ப எப்டி கீது?"

செல்வியைப் பற்றி டேனி சொல்லியிருக்கிறான். குப்பை பிரிக்கிற வேலை. அவள் கண் வைத்திருப்பதால்தான் அவன் பெட்டியை யாரும் இரும்புக்குப் போடவில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கிறான், தலையில் கொஞ்சம் பிரச்சினை என்று மழுப்பினேன்.

"தலையிலயா? காது இன்னாச்சும்மா, சரியா பூட்ச்சா?"

"எந்தக் காது?"

"இன்னாம்மா இப்டி கேக்கிறீங்க? எடது காதும்மா. ஒரு மாசமா சீயி வந்துகினே இருந்துச்சே. பஞ்சு வச்சிகினுதான் வருவாரு. நான்கூட சொன்னேன், இன்னா சார், குப்பைய வுட உன் காது நாறுது, போய் ஆஸ்பத்திரில காமின்னு. சிரிச்சிகினே சொட்டு மருந்து வுட்டுகினு பூட்டாரு. போன வாரம் தலவலின்னு அப்டியே குந்திகினாரு, கண்ணத் தொறக்க முடியல அவரால. உங்களாண்ட சொல்லலியா? நீங்க டாக்டராச்சே!"

போனை வைத்தேன். காதில் சீழ். காதுக்கு மேலே, மெல்லிய எலும்புக்கு அந்தப் பக்கம் மூளை. இடது காது, இடது பக்கம் வளையம். நடுவில் இருந்த கறுப்பு செத்த செல்கள் இல்லை, சீழ். புற்று என்றால் நாள் கணக்கில் அவசரம் இல்லை. சீழ் என்றால் உடைந்து பரவ ஒரு மணி நேரம் போதும். இரண்டு நாளை நான் தின்றிருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போன் அடித்தேன். மூன்று பேர் மாறி மாறி எடுத்து, கடைசியில் அறுவை சிகிச்சை டாக்டர் வந்தார்.

"சொல்லுங்க மேடம். நீங்கதான் அந்த ஜெர்மனி டாக்டரா? நீங்க நியூரோவா?"

"நான் டாக்டர் இல்லை சார்."

"இல்லையா?" என்றார் அவர்.

"பிஎச்.டி. லேப்ல வேலை பாக்குறேன். நான் சொன்ன எதையும் எடுத்துக்காதீங்க. அவனுக்கு இடது காதுல ஒரு மாசமா சீழ் வந்திருக்கு. வீட்ல யாருக்கும் தெரியாது. அவன் குப்பைமேட்டுல ஆராய்ச்சி பண்றவன்."

"கேஸ் ஷீட்ல காலேஜ் புரொபசர், வேற நோய் எதுவும் இல்லைன்னுல்ல எழுதியிருக்கு?"

"அதையும் நாங்கதான் எழுதிக் கொடுத்தோம்."

அவர் மூச்சை இழுத்து விட்டது கேட்டது. "மேடம், சீழாவும் இருக்கலாம், திறந்து பாக்கணும்னு நான் முதல் நாளே சொல்லிட்டேன். காய்ச்சல் வேற ஏறிக்கிட்டிருக்கு. எங்க டாக்டர் வேணாங்கிறாங்கன்னு ரெண்டு நாளா கையெழுத்துப் போட மாட்டேங்கிறாங்க. யாரு அந்த டாக்டர்னு நானும் யோசிச்சுக்கிட்டே இருந்தேன்."

அடுத்து ஷீபா. "கையெழுத்துப் போடு. இப்பவே போடு" என்றேன்.

"அண்ணி, நீங்கதானே அவசரப்படாதன்னு சொன்னீங்க?"

"நான் சொன்னது தப்பு. நான் டாக்டர் இல்லை ஷீபா. போடு."

அவளுக்கு அது காதில் ஏறியதா தெரியவில்லை. ஆனால் போட்டாள். அவனை உள்ளே கொண்டுபோகும்போது கூப்பிட்டால்கூட கண் திறக்கவில்லை என்று பிறகு சொன்னாள். ஆய்வகப் படிக்கட்டில் போனைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். ஜெபம்கூட முழுசாக வரவில்லை. "ஆண்டவரே, ரெண்டு நாள், ரெண்டு நாள்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சீழ்தான். எடுத்துவிட்டார்கள்.

6

அவன் பிழைத்தான். வாரக்கணக்கில் நரம்பில் மருந்து ஏற்றினார்கள். காதுக்குத் தனியாக இன்னொரு ஆபரேஷன். இடது காது சுத்தமாகப் போய்விட்டது. பெயர்ச்சொற்கள் நின்று நிதானமாகத்தான் வருகின்றன, அதனால் வகுப்புக்குத் திரும்ப முடியவில்லை. அந்தக் கிருமி குப்பைமேட்டுக் காற்றிலிருந்து வந்ததா, பாடம் நடத்தும்போது வந்ததா, குளித்த தண்ணீரில் வந்ததா, யாராலும் சொல்ல முடியாது. கண் திறந்த மூன்றாம் நாள் டாக்டரிடம் அவன் கேட்ட முதல் கேள்வி, அந்தச் சீழில் என்ன வளர்ந்தது என்பதுதானாம். தன் தட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க நினைத்திருக்கிறான். தட்டுகளை அதற்குள் கல்லூரியில் கொட்டிக் கழுவிவிட்டார்கள்.

பாஸ்போர்ட் வந்து நான் போய்ச் சேரும்போது அவன் வீட்டுக்கு வந்துவிட்டிருந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், அவன் பிழைத்ததற்கு நன்றியாக ஸ்தோத்திர காணிக்கை. அம்மா எழுந்து நின்று, "டாக்டரா இருக்கிற என் மக ஏத்த நேரத்துல அங்கேயிருந்து போன் பண்ணிச் சொன்னதாலதான் என் பிள்ளை பொழச்சான்" என்று சாட்சி சொன்னார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஷீபா மட்டும் திரும்பவில்லை. மடியில் இருந்த பாட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் அறுவை சிகிச்சை டாக்டர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. அவள் வாயால் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதுவே போதுமான தண்டனை.

சாயங்காலம் மாடியில் அவன் தனியாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். எதிர்ச்சாரியில் யார் வீட்டிலோ மிஷின் இரைச்சலோடு கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டேன். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது. அவன் முகத்தைப் பார்க்காமல், எதிர்வீட்டு ஜல்லியைப் பார்த்துக்கொண்டே, திங்கட்கிழமையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். உன்னைச் செத்தவனாகவே நினைத்துவிட்டேன் என்று சொன்னேன். ஆபரேஷனைத் தள்ளிப்போடச் சொன்னது நான்தான், உன் காது போனது என்னால்தான், என்னை மன்னிச்சிடு என்றேன். சொல்லி முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தேன்.

அவன் திரும்பி, நான் அழுவதைப் பார்த்துத் திடுக்கிட்டான்.

"என்னக்கா? ஏதாவது சொன்னியா? இந்தப் பக்கம் கேக்காது. அந்தப் பக்கமா வந்து சொல்லு."

எழுந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வலது பக்கம் போய் உட்கார்ந்தேன். இரண்டாவது முறை சொல்வது முதல் முறை மாதிரி இல்லை. இந்தத் தடவை அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

பிறகு உதட்டை மட்டும் அசைத்தான். கோபமா, சொல் தேடுகிறானா என்று தெரியவில்லை.

"நீ டாக்டர் இல்லைன்னு..." என்று ஆரம்பித்தான். நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தான். "நீ டாக்டர் இல்லைன்னு இந்த வீட்லயே தெரிஞ்ச ஒரே ஆளு நான்தான்க்கா. படத்தை என்கிட்ட காட்டியிருந்தா நானே சொல்லியிருப்பேன். காதுல சீழ், தலையில வளையம். என் ஸ்டூடன்ட்ஸ்கூட சொல்லுவாங்க."

"தெரியும்டா."

"அன்னைக்குப் போன்ல சொல்ல வந்தேன். நீதான் தூங்குன்னு சொன்ன." அவன் குரலில் குத்தல் எதுவும் இல்லை. "எனக்கு ஒரு வார்த்தை, அது வர்றதுக்கே அன்னைக்கு அவ்வளவு நேரம் ஆச்சு. 'காது'ன்னு சொல்லணும். நாக்கு நுனியில வந்துடுச்சு."